குறுக்கு வலிக்கு எந்தக் கையை நாடுவது? மென்மையான உடல் சிகிச்சைகள் பற்றிய ஓர் ஒப்பீடு

குறுக்கில் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு இன்று தமிழ்நாட்டின் நடுத்தர நகரம் ஒன்றில்கூட ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பிசியோதெரபி மையம், அரசு சித்த மருத்துவமனையில் தொக்கணம் என்னும் பிடித்துவிடும் சிகிச்சை, உடலின் வர்மப் புள்ளிகளைத் தொட்டு இளக்கும் வர்ம ஆசான், கேரள எண்ணெய்ச் சிகிச்சை நிலையம், நெட்டி முறித்து முதுகெலும்பைச் சீராக்கும் கைரோபிராக்டர் என்று ஒவ்வொருவரும் தம் கையால் வலியைப் போக்க முடியும் என்கிறார்கள். பெருநகரமாக இருந்தால் கிரேனியோசேக்ரல், போவன் போன்ற மெல்லிய தொடு முறைகளும் கிடைக்கும். இவற்றோடு, சில வாரங்கள் நடமாடிக்கொண்டே பொறுத்திருப்பது என்னும் வழியும் உண்டு. வலியில் இருப்பவரிடம் பெரும்பாலும் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை என்பதால், இந்த ஒப்பீட்டில் அதற்கும் சம இடம் தருகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. காயப்பட்ட திசுவை ஆற்றுவது உடல்தான். கை செய்யக்கூடியது, அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கும் அச்சத்தையும் இறுக்கத்தையும் தூக்கமின்மையையும் தணித்து, மனிதரை மறுபடி நடமாட வைப்பது. அதைக் குறைந்த ஆபத்திலும் குறைந்த செலவிலும் எந்த முறை செய்கிறதோ, அதையே நாட வேண்டும் என்று கருதுகிறேன். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலைக் கொண்டே செய்யப்படுகிறது.

ஆனால் எந்தக் கையும் முதுகைத் தொடுவதற்கு முன்பு ஒரு சரிபார்ப்பு தேவை. சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் பிரியாமல் தேங்கிவிடுவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் உள்தொடையிலும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டு நடப்பது ஆகிய அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கும் நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, படுத்தாலும் குறையாமல் இரவில் கூடும் வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதை நம் நாட்டில் யாரும் மறந்துவிடக் கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர், கீழே விழுந்து அடிபட்டவர், நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவர், எலும்பு மெலிந்துபோன முதியவர் ஆகியோரும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இனிச் சொல்லப்படுபவை அனைத்தும் இத்தகைய காரணங்கள் இல்லாத, பெரும்பாலானவர்களுக்கு வரும் சாதாரணக் குறுக்கு வலியைப் பற்றியவை. சாதாரணம் என்பதால் அது சிறிய துன்பம் ஆகிவிடாது. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

உடல் தானே செய்யும் வேலை

புதிதாக வந்த குறுக்கு வலி பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் வெகுவாகத் தணிந்துவிடுகிறது. தசையிலோ இணைப்புத் திசுவிலோ ஏற்பட்ட காயத்தில் முதல் சில நாட்கள் அழற்சி இருக்கும். அடுத்த சில வாரங்களில் கொலாஜன் என்னும் புரதத்தாலான புதிய இழைகள் உருவாகும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த இழைகள் தம்மீது விழும் இழுவிசையின் திசைக்கேற்பத் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். இந்த மூன்றாம் கட்டம் அசைவில்லாமல் ஒழுங்காக நடக்காது. உடலுக்குத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் திறன் இருக்கிறது என்று சொல்வோர், அந்தத் திறனுக்கு அளவான சுமையும் நடமாட்டமும் தேவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று பின்லாந்தில் நடந்தது. ஹெல்சிங்கி நகராட்சிப் பணியாளர்கள் 186 பேர், புதிதாக வந்த குறுக்கு வலியோடு, மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் ஓய்வெடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் முதுகை வளைத்து நீட்டும் பயிற்சிகளைச் செய்தார்கள். மூன்றாம் பிரிவினரிடம், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடருமாறு மட்டும் சொல்லப்பட்டது. 1995-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். படுக்கையில் இருந்தவர்களே மெதுவாகத் தேறினார்கள். "பெட் ரெஸ்ட் எடு" என்று அன்போடு சொல்லும் வீடுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

"ஜவ்வு விலகிவிட்டது" என்ற சொல்லைக் கேட்டதும் பலர் ஒடுங்கிவிடுகிறார்கள். இனி வாழ்நாள் முழுதும் குனியவே கூடாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இரண்டு செய்திகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலாவது, வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வு. அதில் இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள அந்த ஜவ்வு, புடைத்திருந்தது. ஆகவே எம்.ஆர்.ஐ. அறிக்கையில் புடைப்பு என்று எழுதியிருப்பதாலேயே உங்கள் வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. இரண்டாவது, உண்மையிலேயே பிதுங்கி வெளியேறிய டிஸ்க் பொருளை உடல் கரைத்துக்கொள்கிறது. அறுவை இல்லாமல் கவனிக்கப்பட்டவர்களின் படங்களை ஒப்பிட்ட இன்னொரு தொகுப்பாய்வு, அதுவும் 2015-இல் வந்தது, தனியாகத் துண்டித்து வெளியேறிய பகுதிகளில் 96 விழுக்காடும், வெளியே பிதுங்கியவற்றில் 70 விழுக்காடும், ஓரளவு துருத்தியவற்றில் 41 விழுக்காடும், வெறும் புடைப்புகளில் 13 விழுக்காடும் தாமாகச் சுருங்கியதாகக் கண்டது. படத்தில் மிக மோசமாகத் தெரிவதே மிக நன்றாகச் சுருங்குகிறது. காரணம், டிஸ்கின் உள்மையம் இரத்த ஓட்டத்திலிருந்து ஒதுங்கியே இருப்பது. அது வெளியே வந்தவுடன் நோயெதிர்ப்பு அமைப்பு அதை அயற்பொருளாக அடையாளம் காண்கிறது, புதிய நுண்குழாய்கள் அங்கே வளர்கின்றன, விழுங்கணுக்கள் வந்து சிறிது சிறிதாக அதை உண்டு தீர்க்கின்றன. எந்தத் தைலமும் எந்த அழுத்தமும் இந்த வேலையைச் செய்வதில்லை.

உடல் தானே தேறும் இந்த இயல்பு, சிகிச்சைகளை ஒப்பிடுவதைக் கடினமாக்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் ஒருவர் சிகிச்சைக்குப் போகிறார். அதன் பிறகு வலி எப்படியும் இறங்கவே செய்யும். அந்த இறக்கம் முழுவதும் கடைசியாகத் தொட்ட கையின் கணக்கில் எழுதப்படுகிறது. உறவினர் ஒருவர் "மூன்றே தடவையில் சரியாகிவிட்டது" என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த மூன்று தடவை போகாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது. இதனால்தான் ஒப்பீட்டுப் பிரிவு வைத்து நடத்திய ஆய்வுகளை நான் அனுபவக் கூற்றுகளுக்கு மேலே வைக்கிறேன்.

அப்படியானால் கை எதற்கு?

எல்லாம் தானே சரியாகும் என்றால் தொடு சிகிச்சையே வேண்டாமே என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நம் தோலில், முடி வளரும் பகுதிகளில், சி-தொடு நரம்பிழைகள் என்று சொல்லப்படும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டு நரம்பியலாளர்கள் மனிதர்களில் இவற்றை நேரடியாகப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் வெப்பமுள்ள கை மெதுவாக நீவும்போதுதான் இந்த இழைகள் மிகுதியாகத் துடிக்கின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தால் அவற்றின் துடிப்பு குறைந்துவிடுகிறது. அவை கொண்டுசெல்லும் செய்தி மூளையில் உணர்ச்சியோடும் பாதுகாப்பு உணர்வோடும் தொடர்புடைய பகுதிகளைச் சேர்கிறது. குழந்தையை உறங்க வைக்கும் தாயின் கை இயல்பாகவே இந்த வேகத்தில்தான் நகர்கிறது. வலியால் முதுகுத் தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அசைந்தால் ஏதோ உடைந்துவிடும் என்று அஞ்சி நிற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உணர்வு சிறிய உதவி அன்று.

தசைக்குள்ளும் சில மாற்றங்கள் நடப்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை மிதிவண்டிப் பயிற்சி செய்ய வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கெடுத்து ஒப்பிட்டார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், மசாஜ் செய்த காலில் அழற்சிச் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. அதேசமயம் லாக்டிக் அமிலம் வெளியேறியதற்கு எந்த அடையாளமும் இல்லை. மசாஜ் "கழிவுகளை வெளியேற்றுகிறது" என்ற பரவலான பேச்சுக்கு இந்த ஆய்வு ஆதரவு தரவில்லை என்பதை, அந்தப் பேச்சைச் சொல்லியே விலை உயர்ந்த தொகுப்புகளை விற்பவர்களிடம் போகும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

அழுத்தி எடுப்பதா, மென்மையாக நீவுவதா?

நம் ஊரில் வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் பலன் என்று ஓர் உறுதியான நம்பிக்கை உண்டு. இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு ஒன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரை மையமாகக் கொண்டு நடந்து 2011-இல் வெளியானது. நாட்பட்ட குறுக்கு வலி உள்ள 401 பேரில் ஒரு பிரிவினருக்குத் தசை, மூட்டு அமைப்பை ஆராய்ந்து குறிப்பிட்ட இடங்களில் செய்யும் மசாஜ். இன்னொரு பிரிவினருக்கு உடல் முழுவதையும் தளர்த்தும் சாதாரண மசாஜ். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவ கவனிப்பு மட்டும். வாரம் ஒரு முறையாகப் பத்து வாரம் முடிந்தபோது, மசாஜ் பெற்ற இரு பிரிவினரும் மூன்றாம் பிரிவினரைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். அந்த இரு வகை மசாஜுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓராண்டு ஆவதற்குள் அந்தப் பலன் பெரிதும் தேய்ந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளையும் 3,096 பேரையும் உள்ளடக்கிச் செய்த தொகுப்பாய்வும் 2015-இல் ஏறத்தாழ இதையே சொன்னது: மசாஜ் குறுகிய காலத்துக்கு வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் குறைவு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது எளியது. பலன் ஒன்றாகவே இருக்கும்போது, சிராய்ப்பும் கன்றலும் மறுநாள் வலியும் தராத மென்மையான முறையைத் தேர்வதே அறிவு. வெந்நீர் ஒத்தடமும் வீட்டில் ஒருவர் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவதும் இந்த வகையிலேயே சேரும். என் அம்மாவுக்குக் குறுக்குப் பிடித்த நாட்களில் இரவு அப்படி நீவிவிட்ட பிறகு அவர் இடையில் எழாமல் தூங்கினார். தூங்கியவர் காலையில் அச்சமில்லாமல் எழுந்து வாசல் வரை நடந்தார். எண்ணெய் எதையும் ஆற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தூக்கமும் அந்த நடையும் உடலுக்குத் தேவையாக இருந்தன.

தொக்கணமும் வர்மமும்

சித்த மருத்துவத்தில் கை சிகிச்சை தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பகுக்கிறார்கள். இந்தப் பகுப்பைப் பார்த்தாலே, மென்மையானதும் வன்மையானதும் ஒரே பெயருக்குள் இருப்பது புரியும். பிடித்தலும் அசைத்தலும் மூப்படைந்த உடலும் தாங்கும். முறுக்கலும் இழுத்தலும் அப்படியல்ல. வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்கள் சொல்லப்படுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையோடு சேர்ந்தே ஆசான்களின் வழியாக இந்த அறிவு வந்தது. அடிபடும் இடத்தை அறிந்தவரே இளக்கும் இடத்தையும் அறிவார் என்பது அந்த மரபின் அடிப்படை.

தமிழ் வாசகருக்கு இந்த வழியில் இரண்டு உண்மையான வசதிகள் உள்ளன. ஒன்று, ஐந்தரை ஆண்டுப் பட்டப் படிப்பு முடித்துப் பதிவு பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில் இதைப் பெறலாம். 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும், தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் தொக்கணம், வர்மம் போன்ற புறச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மற்றொன்று, அரசு மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு. குறை, பெரிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வுகள் இன்னும் போதவில்லை என்பது. ஆகவே மற்ற மசாஜ் முறைகளுக்குக் கிடைத்த அளவு பலனையாவது எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வதே நியாயமான நிலை. பக்கவாதத்தையும் சர்க்கரை நோயையும் ஒரே அமர்வில் நீக்குவதாகச் சொல்லும் விளம்பரங்கள் அந்த மரபுக்கே அவமதிப்பு. ஆசானிடம் செல்வதாக இருந்தால் கழுத்துப் பகுதியில் திடீர் அழுத்தமோ சுண்டலோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து கிராம் எடையில் தொடும் முறைகள்

உடல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும், கை அதற்கு வழிவிட்டால் போதும் என்னும் கருத்தை மேற்கில் ஒரு மருத்துவ முறையாகவே ஆக்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-இல் மூளையுறை அழற்சிக்குத் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மருத்துவர் அவர். அக்கால மருந்துகள் மீது நம்பிக்கை இழந்து, 1874-இல் ஆஸ்டியோபதி என்னும் கொள்கையை அறிவித்து, 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி தொடங்கினார். பாதரசமும் குருதி வடித்தலும் சிகிச்சையாக இருந்த நூற்றாண்டில், உடலைத் துன்புறுத்தாமல் விடுவதே பெரிய முன்னேற்றம் என்பதால் அவருடைய செல்வாக்கை நான் வியப்பாகப் பார்க்கவில்லை. அதே பள்ளியில் பயின்ற வில்லியம் கார்னர் சதர்லாந்து, மண்டையோட்டு எலும்புகள் நுண்ணிய தாளத்தோடு அசைகின்றன என்று கருதினார். ஜான் அப்லெட்ஜர் 1970-களிலிருந்து அதை விரிவாக்கி, யாரும் கற்கக்கூடிய கிரேனியோசேக்ரல் சிகிச்சையாகப் பரப்பினார். ஒரு சிறு நாணயத்தின் எடை அளவே தொடுவது அதன் நெறி.

இங்கே கொள்கையையும் அனுபவத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே நோயாளியை இரண்டு பயிற்சி பெற்றவர்கள் தொட்டுத் தாளத்தை எண்ணிய ஆய்வுகளில், இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. கொள்கையின் அடித்தளமே ஐயத்துக்குரியது என்பதே இதன் பொருள். ஆனால் ஒரு மணி நேரம் அமைதியான அறையில், அவசரமில்லாத ஒருவர் தம் கைகளை மெதுவாகத் தலையிலும் இடுப்படியிலும் வைத்திருப்பது பலருக்கு ஆழ்ந்த தளர்வைத் தருகிறது. நாட்பட்ட கழுத்து வலி உள்ள 54 பேரிடம் 2016-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு, போலியான மெல்லிய தொடலைவிட இந்தச் சிகிச்சை கூடுதல் பலன் தந்ததாகவும் சொன்னது. அது ஒரு சிறிய ஆய்வு. அதை நம்பிக் குறுக்கு வலிக்குப் பெரும் தொகை செலவிட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். யாராவது அழுத்தித் தொட்டாலே உடல் வெடவெடத்துப் போகிறவர்கள், துயர அனுபவங்களால் தொடுதலையே அஞ்சுகிறவர்கள், வசதியிருந்தால் இதைத் தொடக்கமாகக் கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் தாமஸ் போவன் தொடங்கிய போவன் முறையும் மென்மையானதே: சில அசைவுகள், பிறகு சில நிமிட ஓய்வு, மறுபடி சில அசைவுகள். அதன் சொந்த நாட்டிலேயே அரசு நடத்திய மறுஆய்வில் தெளிவான சான்று கிடைக்காததால், 2019 ஏப்ரல் 1 முதல் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கப்பட்ட 16 முறைகளில் இதுவும் ஒன்று. ஆபத்து குறைவு, சான்றும் குறைவு. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிரேனியோசேக்ரல், போவன் இரண்டுக்கும் இந்தியாவில் சட்டப்படியான பதிவுக் குழு இல்லை என்பதால், செய்பவரின் பயிற்சியை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

நெட்டி முறிக்கும் சிகிச்சை

கைரோபிராக்டிக் 1895-இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கியது. மென்மையான முறை என்று இதைச் சொல்ல முடியாது என்றாலும், காணொளிகளின் வழியே இளைஞர்களை இன்று மிகவும் ஈர்ப்பது இதுவே என்பதால் ஒப்பீட்டில் விட்டுவிட முடியவில்லை. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வின்படி, நாட்பட்ட குறுக்கு வலிக்கு முதுகெலும்பை இப்படி அசைப்பது, உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறத்தாழச் சமமான பலனைத் தருகிறது, மேலானதைத் தருவதில்லை. "டக்" என்ற ஓசை மூட்டுநீரில் வாயு இடைவெளி உருவாவதால் வருவது. எலும்பு எங்கும் விலகியிருக்கவும் இல்லை, திரும்பப் போய் உட்காரவும் இல்லை. கீழ்முதுகில் இதன் ஆபத்து சிறியது. கழுத்தைத் திடீரெனத் திருகுவது வேறு விஷயம்: அரிதாக, கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவதோடும் பக்கவாதத்தோடும் அது தொடர்புடையது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் எச்சரித்தது. முடிதிருத்தகத்தில் தலையைப் பிடித்துச் சொடுக்குவதும் இதே வகையைச் சேர்ந்தது. குறுக்கு வலிக்காகப் போனவரின் கழுத்தைத் தொடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பிசியோதெரபி

சான்றுகளின் அடிப்படையில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது இந்த வழி. ஆனால் பிசியோதெரபி மையம் என்ற பெயர்ப்பலகைக்குள் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. ஒரு வகை மையத்தில் பத்து நாள் தொடர்ந்து வரச் சொல்லி, கரண்ட் வைத்து, அல்ட்ராசவுண்ட் கொடுத்து, இடுப்பை எடை கட்டி இழுத்து, கடைசியில் ஒரு பெல்ட்டும் தந்து அனுப்புகிறார்கள். நாட்பட்ட குறுக்கு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, வழக்கமாகத் தர வேண்டாம் என்று குறிப்பிடும் பட்டியலில் இழுவை, அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைப்பது எனப்படும் தோல்வழி மின்தூண்டல், பெல்ட் ஆகிய நான்கும் இருக்கின்றன. படித்த மருத்துவத் துறையின் பெயரால் எளிய மக்களின் பணமும் விடுப்பு நாட்களும் இப்படிச் செலவாவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இன்னொரு வகை மையத்தில், முதல் நாள் பேச்சிலேயே நேரம் போகும். எந்த அசைவில் வலிக்கிறது, என்ன வேலை செய்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பார்கள். கையால் மூட்டுகளை மெதுவாக அசைத்து வலியைத் தணிப்பார்கள். அந்தத் தணிவு நிற்கும்போதே குனிய, உட்கார்ந்து எழ, எடை தூக்கப் பழக்குவார்கள். அதே வழிகாட்டி மசாஜையும் முதுகெலும்பு அசைவுச் சிகிச்சையையும் உடற்பயிற்சி, விளக்கக் கல்வி ஆகியவற்றையும் பரிந்துரைப்பவற்றில் சேர்க்கிறது. பிரிட்டனின் 2016 வழிகாட்டி இன்னும் ஒரு படி போய், கை சிகிச்சையைத் தனியாகத் தராமல் பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும் என்கிறது. தேறிய பிறகு திரும்ப வராமல் காப்பதிலும் இந்த வழிக்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர, பாதிப் பேருக்கு வலி திரும்பியிருக்கும் நாளைக் குறிக்கும் நடுநிலைக் கணக்கில், 208 நாட்கள் ஆயின. ஏதும் செய்யாதவர்களுக்கு 112 நாட்கள். நடப்பதற்குக் கட்டணம் இல்லை.

எந்த நிலையில் எது?

வலி வந்து ஓரிரு வாரமே ஆகியிருந்தால் நான் பரிந்துரைப்பது காத்திருப்பும் நடமாட்டமும்தான். கூடவே சூட்டு ஒத்தடம், வீட்டாரின் மெல்லிய கை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியும், புதிய வலிக்கு மாத்திரைக்கு முன்பாகச் சூட்டையும் மசாஜையும் முயலச் சொல்கிறது. இந்தக் கட்டத்தில் ஸ்கேன் எடுத்து அச்சத்தை விலைக்கு வாங்க வேண்டாம். ஆறு வாரம் ஆகியும் வேலைக்குத் திரும்ப முடியவில்லை என்றால் மேலே சொன்ன இரண்டாம் வகைப் பிசியோதெரபிஸ்டை நாடுங்கள். அருகில் அரசு சித்த மருத்துவமனை இருந்து, கையால் பிடித்துவிட்டால் இதம் கிடைக்கும் என்று உங்கள் உடல் சொன்னால், தொக்கணத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல, இரு தரப்பு மருத்துவர்களிடமும் மறைக்காமல் சொல்லும் வரை.

வலி காலுக்கு இறங்கி, மின்சாரம் பாய்வதுபோல் இருப்பவர்களின் கணக்கு சற்று வேறு. அங்கே தேறுவதற்கு வாரங்களுக்குப் பதில் மாதங்கள் ஆகலாம். அறுவை செய்தவர்கள் விரைவில் நிம்மதி அடைகிறார்கள், ஓராண்டு முடிவில் செய்யாதவர்களும் ஏறத்தாழ அதே நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்பது நெதர்லாந்தில் 283 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வின் முடிவு. பொறுக்க முடிகிறவர் பொறுக்கலாம். குடும்பத்தின் ஒரே வருமானத்தைச் சுமப்பவர் அறுவையைத் தேர்ந்தால் அதையும் குறை சொல்ல முடியாது. இத்தகைய வலியில் முறுக்கல், இழுத்தல், நெட்டி முறித்தல் மூன்றையும் தவிர்ப்பதே நல்லது.

கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பக்கவாட்டில் படுத்தபடி மென்மையான மசாஜ் பெறலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும் என்பதால் அங்கே யாரையும் கை வைக்க விடக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், எலும்பு மெலிந்தவர்களும் ஆழ்ந்த அழுத்தத்தை முற்றிலும் விலக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், தொடங்கும் நாளில் மூன்று அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, இரவில் எத்தனை முறை வலியால் விழிப்பு வருகிறது. நான்கு அமர்வுகளுக்குப் பின் அதே அளவுகளைப் பாருங்கள். அவை மாறியிருந்தால் தொடருங்கள். மேசையில் படுத்திருக்கும் ஒரு மணி நேரம் சுகமாக இருந்து இந்த மூன்றும் அசையாமல் இருந்தால், அடுத்த தொகுப்புக்கு முன்பணம் கட்டாமல் வேறு வழிக்கு மாறுங்கள். சிகிச்சை தருபவரிடம் இந்தத் தாளைக் காட்டி, எப்போது நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு வாரக் கணக்கில் தெளிவாகப் பதில் சொல்பவரிடமே உங்கள் முதுகை ஒப்படையுங்கள்.